தொலைபேசிக் கம்பெனி வளர்த்த கற்கும் இயந்திரங்கள்

இயந்திரம் தானாகவே கற்றுக்கொள்வது பற்றிப் பேசும்போது இன்றைய தலைமுறையினருக்குக் கூகிள், பேஸ்புக் போன்ற இணைய நிறுவனங்களே நினைவுக்கு வருகின்றன. எனினும் இந்த வித்தையின் அடிப்படைகள் பல உருவான இடம் ஒரு தொலைபேசிக் கம்பெனியின் ஆய்வுகூடமாகும். அமெரிக்காவின் ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனம் 1925ஆம் ஆண்டு ஆரம்பித்த பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தை ட்ரான்சிஸ்டரின் பிறப்பிடமாகப் பாடநூல்களில் படித்திருக்கிறோம். அதே கூடத்திலும் அதிலிருந்து பின்னர் பிரிந்த கிளைகளிலும் இயந்திரங்களுக்குக் கேட்கவும் வாசிக்கவும் சந்தேகப்படவும் கற்றுக்கொடுக்கும் முயற்சி அரை நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்றது. அந்த முயற்சிக்கு இடமளித்தது எது, அதன் பலன் யாரைச் சென்றடைந்தது, அதற்கான விலையைச் செலுத்தியவர்கள் யாவர் என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏகபோகம் தந்த அவகாசம்

ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனம் நீண்ட காலமாக அமெரிக்காவின் தொலைபேசிச் சேவையில் ஏகபோக உரிமை பெற்றிருந்தது. அதன் கட்டணங்கள் அரச கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. கோடிக்கணக்கான அழைப்புகளைக் கையாளும் ஒரு நிறுவனத்துக்கு ஓர் அழைப்பில் சில சதங்களை மீதப்படுத்தினாலும் அது பெருந்தொகையாகும். ஆகவே பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே பயன்தரக்கூடிய ஆராய்ச்சிக்குக்கூட அந்நிறுவனத்தால் செலவிட முடிந்தது. 1956ஆம் ஆண்டு அரசாங்கத்துடன் செய்துகொள்ளப்பட்ட இணக்கத் தீர்ப்பின்படி, அது பிற வியாபாரங்களில் இறங்காதிருக்கவும் தன்னிடமிருந்த கண்டுபிடிப்புரிமைகளை ஏனையோர் பயன்படுத்த இடமளிக்கவும் வேண்டியிருந்தது. இவ்விரு நிலைமைகளும் சேர்ந்து பெல் ஆய்வுகூடத்தை ஒரு பல்கலைக்கழகம் போல இயங்கச் செய்தன.

தகவற் கோட்பாட்டை 1948இல் வெளியிட்ட குளோட் ஷனன் அங்கு பணியாற்றியவர். அவர் 1950ஆம் ஆண்டில் அமைத்த 'தீசியஸ்' என்னும் பொம்மை எலி, கற்கும் இயந்திரங்களின் வரலாற்றில் முதன்மையான சான்றுகளில் ஒன்றாகும். இருபத்தைந்து சதுரங்கள் கொண்ட ஒரு புதிர்ப்பாதையில் அந்த எலி முதற்தடவை முட்டிமோதி வழியைக் கண்டுபிடிக்கும். இரண்டாம் தடவை பிசகின்றி நேராகச் செல்லும். சுவர்களை மாற்றிவைத்தால் மாறிய பகுதியை மீண்டும் தேடிக் கற்றுக்கொள்ளும். உண்மையில் எலியிடம் எந்த அறிவும் இருக்கவில்லை. அதன் நினைவாற்றல் முழுவதும் பலகைக்குக் கீழே பொருத்தப்பட்டிருந்த மின் ரிலேக்களிலேயே இருந்தது. தொலைபேசி மாற்றகத்தில் அழைப்புகளை இணைப்பதற்குப் பயன்பட்ட அதே வகை ரிலேக்களே அவை. இணைப்பை ஏற்படுத்தும் பொருளே நினைவையும் வைத்திருக்கக்கூடும் என்பதை அந்தப் பொம்மை வெளிக்காட்டியது.

கம்பி கற்றுக்கொண்ட பாடம்

பொம்மையிலிருந்து தொழிலுக்கு வருவோம். இயந்திரக் கற்றல் தொலைபேசித் துறையில் முதன்முதலாக நடைமுறைப் பயன் தந்தது பேச்சிலோ படத்திலோ அன்று, கம்பியிலாகும். குரலைக் கொண்டுசெல்வதற்கென அமைக்கப்பட்ட தொலைபேசி இணைப்பில் கணினித் தரவுகளை அனுப்பும்போது ஒரு துடிப்பு அடுத்த துடிப்பின்மீது வழிந்து இரண்டும் கலங்கிவிடும். கலங்கலைச் சீர்செய்யலாம் என்றால் ஒவ்வோர் இணைப்பின் குணமும் வெவ்வேறானது. ஒரே இலக்கத்தை இரு தடவைகள் அழைத்தாலும் இரு வேறு பாதைகள் கிடைக்கலாம்.

பெல் ஆய்வுகூடத்தின் ரொபேட் லக்கி 1965இல் இதற்குத் தீர்வு கண்டார். இணைப்பு கிடைத்ததும் தெரிந்த துடிப்புகள் சில முதலில் அனுப்பப்படும். வந்துசேர்ந்ததற்கும் வந்திருக்க வேண்டியதற்கும் உள்ள வேறுபாட்டைக் கருவி அளந்து, தன்னுள் இருக்கும் பெருக்கெண்களைச் சிறிது சிறிதாக மாற்றி, வேறுபாடு குறையும்வரை திருத்திக்கொள்ளும். அடுத்த ஆண்டிலேயே, உரையாடலின் நடுவிலும் வரும் தரவுகளைக் கொண்டே தன்னைத் திருத்தும் முறையை அவர் வகுத்தார். மொடெம் கருவிகளின் வேகம் பிற்காலத்தில் பன்மடங்கு உயர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். இதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1960இல், ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பேர்னார்ட் விட்ரோவும் அவரது மாணவர் ரெட் ஹொவ்வும் வகுத்த திருத்தல் முறையும் இதனோடு உறவுடையதே. பிழையை அள, அதைக் குறைக்கும் திசையில் சிறிது நகர், மீண்டும் அள. இன்றைய மாபெரும் நரம்பு வலையமைப்புகளும் சாராம்சத்தில் இந்த மூன்று கட்டளைகளையே நிறைவேற்றுகின்றன.

எதிரொலியின் கதையும் இத்தகையதே. பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிலைகொண்ட செய்மதி வழியாக வெளிநாட்டு அழைப்புகள் செல்லத் தொடங்கியபோது, பேசியவரின் குரலே ஏறக்குறைய அரை விநாடி தாமதித்து அவரது காதில் ஒலித்தது. அக்கால வெளிநாட்டு அழைப்புகளில் பேசிய நம்மவர்களும் இதனை அனுபவித்திருப்பர். ஒருவர் பேசும்போது மற்றவரின் வழியை அடைத்துவிடுவதே பழைய பரிகாரம். அதனால் சொற்கள் நறுக்குண்டன. இந்தியாவில் பிறந்து பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய மன்மோகன் சோந்தி, 1967இல் வேறொரு வழியை விளக்கி எழுதினார். குறிப்பிட்ட இணைப்பில் எதிரொலி எவ்வாறு உருவாகிறது என்பதைக் கருவி தானே கற்று, அதே எதிரொலியின் நகலைத் தயாரித்து, வரும் ஒலியிலிருந்து கழித்துவிடும். 1980ஆம் ஆண்டளவில் பெல் பொறியியலாளர்கள் இதனை ஒரே சில்லினுள் அடக்கினர். இன்று கையடக்கத் தொலைபேசியில் ஒலிபெருக்கியை இயக்கிப் பேசும் எவரும் இந்த முறையின் வாரிசுகளைப் பயன்படுத்துகின்றனர்.

செவியும் அதன் விலையும்

குரலை விளங்கிக்கொள்ளும் இயந்திரம் தொலைபேசிக் கம்பெனியின் நெடுநாட் கனவாகும். 1952இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மூவர் 'ஓட்ரி' என்னும் கருவியை அமைத்தனர். பூச்சியம் முதல் ஒன்பது வரையான இலக்கங்களை அது இனங்கண்டது. ஆனால் பழக்கப்பட்ட ஒருவர் சொற்களுக்கிடையே இடைவெளி விட்டு உச்சரித்தால் மாத்திரமே அது திறம்படச் செயற்பட்டது. வேறொருவர் பேசும்போது அதனை அவருக்கெனச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

இந்த முயற்சிக்கு மிகப் பெரிய அடி உள்ளிருந்தே விழுந்தது. ட்ரான்சிஸ்டருக்குப் பெயர் சூட்டியவரும் ஆய்வுகூடத்தின் உயர் நிர்வாகியுமான ஜோன் பியர்ஸ், 1969இல் அமெரிக்க ஒலியியற் சங்கத்தின் சஞ்சிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். பேச்சறி ஆராய்ச்சியைக் கடலிலிருந்து பொன் எடுக்கும் திட்டங்களோடு ஒப்பிட்ட அவர், பொருளை விளங்காத இயந்திரம் சொல்லைப் பிடிக்க முடியாது என்றும், செய்து காட்டப்பட்டவை முறையான சோதனைகளே அல்ல என்றும் வாதிட்டார். அவர் 1971இல் விலகும்வரை அத்துறை அங்கு ஒடுங்கிக் கிடந்தது. சோதனை பற்றிய அவரது கண்டனம் நியாயமானது. பொருள் விளங்காமல் முடியாது என்ற தீர்ப்போ பின்னர் பொய்த்தது.

அது பொய்த்த விதத்தைப் பத்திரிகைத் தொழிலிலிருந்தே விளக்கலாம். முன்னாளில் பிரதேச நிருபர்கள் தொலைபேசியில் செய்தி சொல்ல, அலுவலகத்தில் ஒருவர் எழுதிக்கொள்வார். இரைச்சலில் பாதிச் சொற்கள் காதில் விழா. ஆயினும் 'பாராளுமன்ற' என்ற சொல்லைத் தொடர்ந்து அரைகுறையாகக் கேட்பது 'உறுப்பினர்' ஆகத்தான் இருக்கும் என்று அனுபவம் சொல்லிவிடும். கேட்ட ஒலி எதற்கு எவ்வளவு ஒத்தது, முன் சொல்லுக்குப் பின் எது எவ்வளவு சாத்தியமானது என்னும் இரண்டையும் எண்களாக்கிப் பெருக்கிப் பார்ப்பதே மறை மார்க்கோவ் மாதிரி எனப்படும் முறையாகும். ஐ.பி.எம். நிறுவனத்தில் பிரெட் ஜெலினெக்கின் குழுவினரும் பெல் ஆய்வுகூடத்தில் லோரன்ஸ் ரபினர் முதலானோரும் இதனை வளர்த்தெடுத்தனர். ரபினர் 1989இல் எழுதிய விளக்கக் கட்டுரை ஒரு தலைமுறை மாணவர்களுக்கு அரிச்சுவடியாக அமைந்தது.

இதன் அறுவடை 1992இல் வந்தது. பெறுநர் கட்டணம் செலுத்தும் அழைப்பு போன்றவற்றுக்கு அதுவரை தொலைபேசி இயக்குநர் ஒருவரின் உதவி தேவைப்பட்டது. ஏ.ரி. அன்ட் ரி. அறிமுகப்படுத்திய புதிய முறையில், அழைப்பவர் கூறுவதிலிருந்து ஐந்து சொற்றொடர்களில் ஒன்றை இயந்திரம் பிடித்துக்கொண்டால் போதும். சொல்லை மட்டும் கூறும்படி கேட்டாலும் மக்கள் மரியாதையாக ஒரு முழு வாக்கியத்தையே பேசினர். ஆகவே வாக்கியத்தின் நடுவிலிருந்து தேவையான சொல்லைப் பொறுக்கியெடுக்கும் முறை வகுக்கப்பட்டது. ஆண்டொன்றுக்கு நூறு கோடிக்கு மேற்பட்ட அழைப்புகளை அந்த முறை கையாளலாயிற்று.

இதே 1992இல் தனது தொலைபேசி இயக்குநர்களில் மூன்றிலொரு பங்கினர் வரையானோரின் இடத்தை இயந்திரங்கள் பெறும் என்று நிறுவனம் அறிவித்தது. தொழிற்சங்கம் எதிர்த்தது. 1878இல் பொஸ்டன் நகரில் எம்மா நட் என்னும் பெண்மணி பணியில் சேர்ந்த நாள் தொட்டு, பெண்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்த முக்கிய தொழில்களில் ஒன்றாக அது விளங்கியது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் மீதப்பட்ட பணத்தின் கணக்கு உண்டு. வேலை இழந்த பெண்களின் கணக்கை அங்கு காண முடியாது.

ஹொல்ம்டெல் கட்டடத்தில் ஒரு பந்தயம்

நியூ ஜேர்சி மாநிலத்தின் ஹொல்ம்டெல் என்னுமிடத்தில் 1962இல் திறக்கப்பட்ட பெல் ஆய்வுகூடக் கட்டடத்தில் லரி ஜக்கல் என்பவரின் தலைமையில் ஒரு பிரிவு இயங்கியது. 1988இல் பிரான்ஸ் நாட்டு இளைஞர் யான் லெகுன் அதில் இணைந்தார். கடித உறைகளில் மக்கள் கையால் எழுதிய தபாற் குறியீட்டு இலக்கங்களை வாசிக்க அவர் தமது வலையமைப்பைப் பழக்கினார். 1989இல் வெளியான கட்டுரையின்படி, 7,291 இலக்கங்களைக் காட்டிப் பயிற்றுவிக்க அக்காலக் கணினிக்கு மூன்று நாட்கள் பிடித்தன. முன்னர் காட்டப்படாத 2,007 இலக்கங்களில் நூற்றுக்கு ஐந்து மட்டுமே பிழைத்தன.

ஏ.ரி. அன்ட் ரி. 1991இல் வாங்கிய என்.சி.ஆர். நிறுவனம் வங்கிகளுக்கு இயந்திரங்கள் விற்று வந்தது. அதன் வழியாகக் காசோலைத் தொகையை வாசிக்கும் கருவிகள் வங்கிகளுக்குச் சென்றன. 1998இல் லெகுனும் சகாக்களும் எழுதியபோது நாளொன்றுக்குப் பல மில்லியன் காசோலைகள் அவ்வாறு வாசிக்கப்பட்டன.

அதே கட்டடத்தில் எதிர்க்கட்சியும் இருந்தது. மொஸ்கோவிலிருந்து வந்த கணிதவியலாளர் விளாடிமிர் வப்னிக், சகாக்களுடன் சேர்ந்து 'ஆதரவுத் திசையன் இயந்திரம்' என்ற முறையை உருவாக்கினார். வலையமைப்பு ஏன் வேலை செய்கிறது என்று யாராலும் நிறுவ முடியவில்லை, தமது முறைக்கோ உறுதியான கணித அடித்தளம் உண்டு என்பது அவர் வாதம். 1995 மார்ச்சில் ஜக்கலும் வப்னிக்கும் இராப்போசன விருந்து ஒன்றைப் பந்தயமாக வைத்தனர். பெரிய வலையமைப்புகள் ஏன் நன்கு செயற்படுகின்றன என்பது 2000ஆம் ஆண்டுக்குள் கோட்பாட்டு ரீதியாக விளங்கிவிடும் என்றார் ஜக்கல். 2005ஆம் ஆண்டுக்குள் புத்தியுள்ள எவரும் அவற்றைப் பயன்படுத்தமாட்டார் என்றார் வப்னிக். இருவருமே தோற்றனர். சாட்சியாகக் கையொப்பமிட்டவர் லெகுன்.

சொத்துப் பிரிவினை

ஆனால் இவர்கள் அறியாத ஒரு பந்தயம் வேறோர் அறையில் நடந்துகொண்டிருந்தது. ஏகபோகத்துக்கு எதிரான வழக்கின் முடிவில், 1984 ஜனவரி முதலாம் திகதி ஏ.ரி. அன்ட் ரி. தனது உள்ளூர்ச் சேவைகளை ஏழு பிராந்தியக் கம்பெனிகளாகப் பிரித்துக் கொடுத்தது. போட்டி வந்தது, கட்டணம் குறைந்தது, பொதுமக்கள் நன்மை அடைந்தனர். ஆனால் காத்திருக்கும் வசதி நிறுவனத்துக்கு இல்லாது போயிற்று. 1995 செப்டெம்பரில் இரண்டாம் பிரிவினை அறிவிக்கப்பட்டது. பெல் ஆய்வுகூடம் என்ற பெயர் கருவிகள் உற்பத்தி செய்யும் லூசன்ட் நிறுவனத்துக்குச் சென்றது. ஆய்வாளர்களில் ஒரு பகுதியினர் ஏ.ரி. அன்ட் ரி. ஆய்வுகூடமாயினர். என்.சி.ஆர். தனியே சென்றது. காசோலை வாசிக்கும் கருவியைச் சிந்தித்தவர்கள் ஒரு கம்பெனியிலும் அதைப் பொறியியல் வடிவமாக்கியவர்கள் இன்னொன்றிலும் விற்றவர்கள் மூன்றாவதிலும் ஆயினர். ஒரு வீட்டைப் பங்கிடும்போது அடுப்பு ஒருவருக்கும் அரிசி ஒருவருக்கும் பானை ஒருவருக்கும் போனது போன்றதே இது. வலையமைப்பின் கண்டுபிடிப்புரிமை என்.சி.ஆர். கைக்குப் போக, அதைப் படைத்தவரே அந்த வேலையைத் தொடர இயலாத நிலை ஏற்பட்டது.

அழைப்புப் பதிவேடு சொல்லும் கதை

ஆய்வு ஓய்ந்துவிடவில்லை, திசை மாறியது. தொலைபேசிக் கம்பெனியிடம் எஞ்சியிருந்த பெருஞ்செல்வம் அழைப்புப் பதிவேடாகும். யார் யாரை எப்போது எவ்வளவு நேரம் அழைத்தார் என்னும் விபரம் கட்டணப் பட்டியலுக்காகவே சேகரிக்கப்பட்டது. மோசடியைப் பிடிக்கவும் அது உதவும் என்பது தெளிவாயிற்று.

அக்கால கையடக்கத் தொலைபேசிகள் தமது அடையாள இலக்கங்களை வெளிப்படையாகவே வானலையில் அனுப்பின. அவற்றை ஒட்டுக்கேட்டு வேறொரு கருவியில் பதித்தால், ஒருவரின் கணக்கில் இன்னொருவர் பேசலாம். ஏழு பிராந்தியக் கம்பெனிகளில் ஒன்றான நைநெக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ரொம் பொசெட்டும் பொஸ்டர் புரொவோஸ்டும் இதனை ஆராய்ந்து 1997இல் எழுதினர். இரவில் நியூயோர்க்கின் பிராங்ஸ் பகுதியிலிருந்து செய்யப்படும் அழைப்பு சந்தேகத்துக்குரியது என்பது போன்ற விதிகளை இயந்திரம் தானே கண்டது. ஆனால் பிராங்ஸில் குடியிருந்து இரவுவேலை செய்பவருக்கு அது நாளாந்த வழக்கம். ஆகவே பொது விதியை அப்படியே பிரயோகிக்காமல், அந்தந்த வாடிக்கையாளரின் வழமையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினர். வசிக்கும் இடமே ஒருவரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்பதைக் கணிதத்தின் மொழியில் சொன்ன பாடம் அது. நமது நாட்டில் வாழ்ந்த எவருக்கும் இதற்கு மேலதிக விளக்கம் தேவையில்லை.

ஏ.ரி. அன்ட் ரி. ஆய்வுகூடத்தில் கொரினா கோர்ட்டெஸ், டரில் பிரெகிபொன் ஆகியோர் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு 'கையொப்பம்' வகுத்தனர். நேற்றுவரையான பழக்கத்துக்குப் பெரும் பங்கும் இன்றைய அழைப்புகளுக்குச் சிறு பங்கும் அளித்து அது நாள்தோறும் புதுப்பிக்கப்பட்டது. ஓர் இலக்கம் அடிக்கடி தொடர்புகொள்ளும் இலக்கங்களின் தொகுதியை 'அக்கறைச் சமூகம்' என்று அழைத்தனர். கட்டணம் செலுத்தாமல் துண்டிக்கப்பட்ட ஒருவர் வேறு பெயரில் புதிய இணைப்பு எடுத்தாலும் அகப்பட்டுவிடுவார். பெயரை மாற்றலாம், தாயாரை அழைக்காமல் இருக்க முடியுமா?

கத்தி காய் நறுக்கவும் பயன்படும், கழுத்தறுக்கவும் பயன்படும். அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எப்.பி.ஐ., சந்தேக நபர்களின் 'அக்கறைச் சமூகம்' பற்றிய விபரங்களையும் தொலைபேசிக் கம்பெனிகளிடம் கோரியிருந்தமையை 2007இல் பத்திரிகைகள் வெளிக்கொணர்ந்தன. 1987 வரை பின்னோக்கிச் செல்லும் ஏ.ரி. அன்ட் ரி. அழைப்புப் பதிவுகளைப் போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் தேடிப்பார்க்க வசதி செய்யப்பட்டிருந்தமை 2013இல் அம்பலமாயிற்று. கடன்காரனைப் பிடிக்க வகுக்கப்பட்ட எண்ணம், அவன் பேசிய அனைவரையும் பட்டியலிடும் எண்ணமாக வளர்ந்துவிட்டது.

இதே பதிவேடு நன்மைக்கும் பயன்படும் என்பதை மறுக்க முடியாது. கொழும்பைத் தளமாகக் கொண்ட லேர்ன்ஏசியா நிறுவனம், பெயர் அடையாளங்கள் நீக்கப்பட்ட கையடக்கத் தொலைபேசிப் பதிவுகளைக் கொண்டு, மக்கள் பகலில் எங்கிருந்து கொழும்புக்கு வந்து சேர்கின்றனர் என்பதை ஆராய்ந்துள்ளது. வீதியும் போக்குவரத்தும் திட்டமிடுவோருக்கு இது பேருதவி. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டமைக்கும் இத்தகைய பதிவுகளின் பெறுமதியும் ஆபத்தும் உணரப்பட்டமையே பின்னணியாகும்.

கிளையில் காய்த்த கனி

2002இல் ஏ.ரி. அன்ட் ரி. ஆய்வுகூடத்தில் பெரும் ஆட்குறைப்பு இடம்பெற்றது. லெகுன் அவ்வாண்டு வெளியேறி அடுத்த ஆண்டு நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கோர்ட்டெஸ் கூகிளுக்குச் சென்றார். ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனத்தையே அதன் முன்னாள் பிராந்தியக் கம்பெனிகளில் ஒன்று 2005இல் வாங்கி, பெயரை மட்டும் தனதாக்கிக்கொண்டது. லூசன்ட் 2006இல் பிரெஞ்சு நிறுவனமான அல்கற்றெலுடன் இணைந்தது. அதனை நொக்கியா 2016இல் தனதாக்கியது.

2012இல் ரொறன்ரோ பல்கலைக்கழகக் குழுவொன்று படங்களை இனங்காணும் போட்டியில் ஏனையோரை வெகுதூரம் பின்தள்ளியபோது, அதன் வலையமைப்பு ஹொல்ம்டெல்லில் வகுக்கப்பட்ட அமைப்பின் வளர்ச்சியாகவே இருந்தது. மாறியவை கணினியின் வேகமும் தரவின் அளவுமே. பெல் ஆய்வுகூடம் வைத்திருந்த கண்டுபிடிப்புரிமை 2007இலேயே காலாவதியாகிவிட்டது. 2013இல் பேஸ்புக் தனது ஆய்வுகூடத்தை அமைக்க லெகுனை அழைத்தது. 2018ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருதை அவரும் ஜெப்ரி ஹின்டனும் யோசுவா பெஞ்சியோவும் பகிர்ந்துகொண்டனர்.

தொலைபேசிக் கம்பெனி மரத்தை நட்டு நீர் ஊற்றியது. கனி அயல் வளவில் விழுந்தது. இதனைக் கொண்டு ஏகபோகம் நல்லதென்று வாதிடுவது தவறு. அந்த ஏகபோகத்தின் செலவைச் சாதாரணச் சந்தாதாரர் தமது மாதக் கட்டணத்தில் செலுத்தினார். பெருநிறுவனம் ஒன்றின் ஆராய்ச்சி, அந்நிறுவனம் எவ்வளவு காலம் காத்திருக்க முடியுமோ அவ்வளவு காலமே வாழும் என்பதே வரலாறு சொல்வது. இன்று இத்துறையில் கோலோச்சும் நிறுவனங்களும் ஏறக்குறைய ஏகபோகங்களே. அவற்றுக்கு எதிரான வழக்குகளும் நீதிமன்றங்களில் நடைபெற்று வருகின்றன. அவற்றின் பதிவேடுகள், யாரை அழைத்தோம் என்பதற்கும் அப்பால், என்ன தேடினோம், என்ன எழுதினோம் என்பவற்றையும் உள்ளடக்கியவை. சொத்துப் பிரிவினை நாள் வரும்போது அந்தப் பதிவேடுகள் யார் பங்குக்குப் போகும் என்ற கேள்வியை இப்போதே கேட்டு வைப்பது நல்லது.